தூசுக்குள்ள இருந்தது ஆர்?

எங்கட வீட்டில தைப்பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் ‘வீடு கழுவுறது’ எண்டு ஒரு பெரிய வேலை நடக்கும். முகட்டு மூலைகளில ஒட்டறை தட்டி, அலுமாரிக்கு மேல கிடக்கிற சூட்கேசுகளை இறக்கி, மெத்தைகளை விறாந்தையில போட்டுத் தடியால அடிச்சு, கடைசியா சீமெந்து நிலத்துக்குத் தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவுவம். அந்தக் கிழமைதான் தம்பிக்குத் தொய்வு இழுக்கும். ஒரு வருசமும் தவறினதில்லை. அம்மா தும்புத்தடியும் கையுமா நிண்டபடி, “டேய், தூசுக்குள்ள நிக்காத, பக்கத்து வீட்டுக்குப் போ” எண்டு கத்துவா. அவனும் போவான். இரவைக்குத் திரும்பி வந்து, துப்புரவாக்கின அறைக்குள்ள, அடிச்சு எடுத்த மெத்தையில படுப்பான். விடியப்புறம் மூண்டு மணிக்கு எல்லாரும் எழும்பிப் பம் தேடுவம்.

போன வருசம் அவன் கேட்டான்: “அக்கா, வீடு ஊத்தையாக் கிடக்கேக்க எனக்கு ஒண்டும் செய்யேல்லை. துப்புரவாக்கினாப் பிறகுதானே வருது. அப்ப தூசுக்குள்ள என்னதான் இருக்கு?”

வரலாறு படிக்கிற எனக்கு இதுக்கு விஞ்ஞானப் பதில் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியை மனிதர்கள் எப்போது கேட்கத் தொடங்கினார்கள், பதில் கிடைக்க எவ்வளவு காலம் போனது என்று தேடிப் பார்க்கலாம் அல்லவா? தேடினேன். நினைத்ததை விட நீளமான கதை.

தூசு பட்டால் மூச்சு முட்டும் என்பது எவருக்கும் புதினமில்லை. 1860 இல் ஹென்றி ஹைட் சோல்ட்டர் என்ற லண்டன் வைத்தியர் ஆஸ்துமா பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவரே ஒரு ஆஸ்துமா நோயாளி. பூனைக்குக் கிட்டப் போனால் என்ன நடக்கும் என்பதைத் தன் உடம்பிலேயே கண்டவர். அவர் நம்பிய மருந்துகளில் ஒன்று கடும் கோப்பி. (பகிடி இல்லை. கோப்பியில் இருக்கும் கஃபீன் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரிக்கும்.) 1873 இல் மன்செஸ்டரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிளாக்லி, தன் தோலைக் கீறி அதில் புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, வசந்தகாலத் தும்மலுக்குக் காரணம் மகரந்தம்தான் என்று காட்டினார். 1906 இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் ‘வேறு’, ‘செயல்’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. எங்கட ‘ஒவ்வாமை’ அதை விட நல்ல சொல் என்பது என் எண்ணம். பிழை பொருளிலும் இல்லை, ஆளிலும் இல்லை, இரண்டும் ஒத்துவரவில்லை என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

மகரந்தம் வெளியிலிருந்து வருவது. வீட்டுக்குள் இருக்கிற தூசைப் பற்றி அந்தக் காலத்தில் வேறு ஒரு பயம்தான் இருந்தது. 1882 இல் ரொபேட் கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, காய்ந்த சளி தூசோடு கலந்து நோயைப் பரப்பும் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் நடுங்கின. உலர்ந்த நிலத்தைக் கூட்டாதே, ஈரமாக்கிக் கூட்டு என்று சுகாதாரக்காரர் பிரசாரம் செய்தார்கள். கம்பளத்தில் தூசு கிளம்பாமல் இருக்க, பிரித்தானிய வீடுகளில் வேலைக்காரப் பெண்கள் தேநீர் வடித்த ஈரத் தேயிலைச் சக்கையை அதன்மேல் தூவிவிட்டுக் கூட்டுவார்களாம். இதை வாசித்தபோது எனக்கு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் லண்டனுக்குப் போன தேயிலையில் ஒரு பங்கு எங்கட மலையகத்தில் இருந்து போனது. லயத்துக் காம்பராவில் படுத்தெழும்பின பெண்கள் கிள்ளின கொழுந்து, குடித்து முடிந்த பிறகும், இன்னொரு நாட்டு வேலைக்காரியின் துடைப்பத்துக்கு முன்னால் போய் விழுந்திருக்கிறது.

கம்பளம்தான் இந்தக் கதையில் முதல் வில்லன். குளிர் நாட்டு வீட்டில் கம்பளம் இல்லாமல் இருக்க ஏலாது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றில் போட்டு அடிப்பது பெரிய வேலை. 1901 இல் ஹியூபேட் சிசில் பூத் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், காற்றை ஊதித் தூசைக் கிளப்புகிற ஒரு இயந்திரத்தைப் பார்த்தார். ஏன் ஊத வேண்டும், உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர், ஒரு உணவகத்துக் கதிரையின் மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்து, தூசு தொண்டைக்குள் போய்ப் புரைக்கேறினாலும் கைக்குட்டையின் மறுபக்கத்தில் கறுப்பு வட்டம் விழுந்ததைக் கண்டு சந்தோசப்பட்டாராம். அவர் கட்டிய இயந்திரம் குதிரை இழுக்கிற வண்டி அளவு. தெருவில் நிறுத்தி, யன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். 1902 இல் ஏழாம் எட்வேட்டின் முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் துப்புரவாக்கியது. பணக்கார வீடுகளில் இந்த உறிஞ்சலைப் பார்க்க விருந்தாளிகளைக் கூப்பிட்டுத் தேநீர் விருந்தும் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் பூத் இல்லை, ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் இரவில் கூட்டித் துப்புரவாக்குகிற வேலை ஸ்பாங்லருக்கு. வயது அறுபதை நெருங்குகிறது. ஆஸ்துமா. கடை முழுக்கக் கம்பளம். தள்ளிக்கொண்டு போகிற தூரிகை இயந்திரத்தால் கூட்டக் கூட்டத் தூசு கிளம்பும், அவருக்கு மூச்சு முட்டும். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை, விடாவிட்டால் மூச்சு இல்லை. 1907 இல் ஒரு மின்விசிறி மோட்டரை எடுத்து, ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் பூட்டி, துடைப்பப் பிடியைக் கைபிடியாக்கி, தலையணை உறையைத் தூசுப் பையாக மாட்டினார். ஒரு ஆள் தனியே தள்ளிக்கொண்டு போகக்கூடிய மின்சார வக்கும் கிளீனர் அப்படித்தான் வந்தது. 1908 இல் காப்புரிமை கிடைத்தது. பணம் இல்லாததால் உரிமையை விற்க வேண்டி வந்தது. வாங்கியவர் வில்லியம் ஹூவர், குதிரைச் சேணம் போன்ற தோல் சாமான் செய்து விற்றவர், மோட்டார் கார் வந்து தன் தொழில் படுக்கப்போகிறது என்று விளங்கிக்கொண்டவர். இங்கிலாந்தில் வீடு உறிஞ்சுவதற்கே ‘ஹூவர் பண்ணுறது’ என்று பெயர் வந்துவிட்டது. ‘ஸ்பாங்லர் பண்ணுறது’ என்று எவரும் சொல்வதில்லை. அவர் 1915 இல் இறந்து போனார்.

இதில் ஒரு சோகமான முரண் இருக்கிறது. தலையணை உறை பெரிய தூசைப் பிடிக்கும். நுணுக்கத் தூசு துணியின் கண்களுக்குள்ளால் வெளியே போய் அறைக் காற்றில் கலந்துவிடும். ஆஸ்துமாக்காரனுக்கு ஆபத்தானது அந்த நுணுக்கம்தான். அதைப் பிடிக்கக்கூடிய ‘ஹெப்பா’ வடிகட்டியின் தொடக்கம் 1940களின் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில். கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கவே அதைச் செய்தார்கள். அது வீட்டுக்குள் வர இன்னும் பல பத்தாண்டுகள் போயின.

சரி, அந்த நுணுக்கத் தூசுக்குள் இருப்பது என்ன?

1921 இல் பிலடெல்பியாவில் ரிச்சட் கேர்ன், 1922 இல் நியூயோர்க்கில் ரொபேட் குக் என்ற இரண்டு வைத்தியர்கள், ஆஸ்துமா நோயாளிகளின் தோலில் வீட்டுத் தூசின் சாற்றை வைத்துச் சோதித்து, பலருக்கு அது தடிப்பதைக் காட்டினார்கள். தூசு குற்றவாளி என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் தூசு என்பது ஒரு பொருள் இல்லையே. பஞ்சு, மயிர், மண், சோற்றுப் பருக்கை, பூஞ்சணம், எங்கட உடம்பிலிருந்து உதிர்கிற தோல், எல்லாம் சேர்ந்த கலவை. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தாலும் முழுத் தூசுக்கு வருகிற அளவு தடிப்பு வரவில்லை. கலவைக்குள் பெயர் தெரியாத ஒன்று இருந்தது.

அதே 1920களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஸ்டோர்ம் ஃபன் லேவன் என்ற பேராசிரியர் நோயாளிகளை வடிகட்டிய காற்று மட்டும் வருகிற ஒரு அறைக்குள் வைத்துப் பார்த்தார். பலருக்குச் சுகம் கண்டது. வெளியே வந்தால் திரும்ப வருத்தம். சுவிற்சர்லாந்து மலைக்கு அனுப்பினாலும் சுகம், நெதர்லாந்தின் ஈரமான தாழ்நிலத்துக்குத் திரும்பினால் வருத்தம். 1928 இல் ஹெர்மன் டெக்கர் என்ற ஜேர்மன் வைத்தியர், மெத்தைத் தூசில் இருக்கும் மிகச் சிறிய உண்ணிகள்தான் காரணம் என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். விடை அப்போதே வந்துவிட்டது! ஆனால் அது பெரிதாக எடுபடவில்லை. அடுத்த முப்பத்தைந்து வருடங்கள் அந்தக் கட்டுரை நூலகத்தில் தூசு பிடித்துக் கிடந்தது. (வேறு எப்படிச் சொல்வது?)

அந்த முப்பத்தைந்து வருடத்தில் வைத்தியர்கள் சும்மா இருக்கவில்லை, ஆலோசனை சொன்னார்கள். பிள்ளையின் அறையில் கம்பளத்தை எடு, திரைச்சீலையைக் கழற்று, இறகுத் தலையணையைத் தூக்கி எறி, மெத்தைக்கு உறை போடு, ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடை. இந்தப் பட்டியலில் எழுவாய் எழுதப்படாமலே இருக்கும். ஆர் எடுக்கிறது, ஆர் கழற்றுகிறது, ஆர் துடைக்கிறது? அம்மாதான். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் வீடு வடிவாகத் துப்புரவில்லை என்று அர்த்தம், வீடு துப்புரவில்லை என்றால் அம்மா சரியில்லை என்று அர்த்தம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983 இல் எழுதிய புத்தகத்தில் இதன் மறுபக்கம் வருகிறது. வக்கும் கிளீனர், சலவை இயந்திரம் எல்லாம் வந்த பிறகும் வீட்டுப் பெண்ணின் வேலை நேரம் குறையவில்லை, ஏனென்றால் ‘துப்புரவு’ என்பதன் அளவுகோலும் சேர்ந்தே உயர்ந்துவிட்டது என்கிறார். முன்பு வருடத்துக்கு இரண்டு தரம் அடித்த கம்பளத்தை இப்போது ஒவ்வொரு கிழமையும் உறிஞ்ச வேண்டும்.

1964 இல் விடை திரும்ப வந்தது, அதே லைடன் நகரத்தில். ரெய்ண்டேட் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற ஒவ்வாமை வைத்தியருக்கு ஒரு விசயம் உறுத்திக்கொண்டிருந்தது. ஈரப்பதன் கூடிய வீடுகளின் தூசு, உலர்ந்த வீடுகளின் தூசை விட ஏன் வீரியம் கூடியதாக இருக்கிறது? ஈரத்தை விரும்புகிற ஏதோ ஒரு உயிர் உள்ளே வளர வேண்டும். ஃபிரிட்ஸ் ஸ்பீக்ஸ்மா, மரீஸ் ஸ்பீக்ஸ்மா என்ற கணவன் மனைவி இருவரும் உயிரியலாளர்கள். அவர்கள் தூசை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துத் தேடினார்கள். தேடினால்தான் தெரியும். மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு நீளம், நிறமில்லை, கண்ணுக்கு முன்னால் நடந்தாலும் தெரியாது. எட்டுக் கால். பூச்சியினம் இல்லை, சிலந்திக்குச் சொந்தக்காரன். ‘டெர்மற்றோபாகோயிடெஸ் டெரோனிசினஸ்’ என்று வாய்க்குள் நுழையாத பெயர் 1897 இல் இருந்தே விலங்கியலாளருக்குத் தெரியும். முன் பாதிக்குத் ‘தோல் தின்னி’ என்று அர்த்தம். எங்கட உடம்பிலிருந்து ஒவ்வொரு நாளும் உதிர்கிற செதில்தான் அதன் சோறு. உண்ணி கூடின தூசு வீரியம் கூடிய தூசாக இருந்தது. உண்ணியைத் தனியே வளர்த்து அதன் சாற்றை வைத்தாலும் தோல் தடித்தது. 1968 இல் ஜப்பானிலும், அதன் நெருங்கிய உறவான இன்னொரு உண்ணியை வைத்து, இதே முடிவுக்கு வந்தார்கள்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கிற ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் வாழ்கிறது. சாரீரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் காய்ந்து சாகும். சுவிஸ் மலையில் நோயாளிகளுக்கு ஏன் சுகம் வந்தது என்பது இப்போது விளங்குகிறது. இலங்கையில் அந்த 50 வீதத்துக்கு எங்கே போவது? ஏர்கொண்டிஷன் போட்ட வங்கிக்குள்தான் போக வேண்டும். எங்களைப் போன்ற வெப்பவலய நாடுகளுக்கு ‘புளோமியா ட்ரோப்பிகாலிஸ்’ என்று இன்னொரு உண்ணியும் உபரியாக உண்டு.

தம்பியின் கேள்விக்குச் சரியான பதில் 1981 இல் வந்தது. யுவன் டோவி, மார்ட்டின் சப்மன், தோமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் பிரித்தானியாவில் செய்த ஆய்வு. ஒவ்வாமையைத் தருவது உயிரோடு இருக்கிற உண்ணியை விட, அது போடுகிற எச்சம்தான். ஒரு உண்ணி ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபது உருண்டை போடும். உருண்டை ஒவ்வொன்றும் ஒரு மகரந்த மணி அளவு. கொஞ்சம் பாரம் கூட, ஆகவே சும்மா கிடக்கிற அறையின் காற்றில் அது இருக்காது. கூட்டினால், மெத்தையை அடித்தால், கட்டிலில் பாய்ந்து விழுந்தால் கிளம்பும், அரைமணித்தியாலம் அளவில் திரும்பப் படியும். பூனையின் ஒவ்வாமைப் பொருள் வேறு மாதிரி. அது மிக நுண்ணிய துகளில் ஒட்டிக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் காற்றில் மிதக்கும். பூனை இருக்கிற வீட்டுக்குள் காலடி வைத்தவுடனேயே சிலர் தும்முவது அதனால்தான்.

அப்போ எங்கட வீட்டில் நடந்தது இதுதான். வருடம் முழுக்கச் சும்மா கிடந்த எச்சத்தை நாங்கள் பொங்கலுக்கு ஒரு தரம் தடியால் அடித்துக் கிளப்பினோம். உண்ணி சாகவில்லை. மேலே இருந்தது பறந்து திரும்ப மெத்தையிலும் பாயிலும் படிந்தது. தம்பி அதன்மேல் முகத்தைப் புதைத்து எட்டு மணித்தியாலம் மூச்சு விட்டான்.

1982 இல் பிளாட்ஸ்-மில்சும் கூட்டாளிகளும் ஒன்பது நோயாளிகளை இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி அறையில் வாழ வைத்தார்கள். கம்பளம் இல்லை, பழைய மெத்தை இல்லை. எல்லாருக்கும் சுகம் கண்டது. நல்லது. ஆனால் ஆர் வீட்டை ஆஸ்பத்திரியாக்கி வாழ முடியும்?

இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிற்க வைத்த இடம் ஐரோப்பா இல்லை, பப்புவா நியூகினியின் கிழக்கு மேட்டுநிலம். அங்கே ஃபோரே என்ற மக்கள் வாழ்கிறார்கள். ‘குரு’ என்ற மூளை நோயைப் பற்றி ஆராய 1950களிலிருந்தே வைத்தியர்கள் அங்கே போய் வந்தபடியால், அந்த மக்களின் உடல்நலத்தைப் பற்றிப் பதிவுகள் இருந்தன. ஆஸ்துமா அங்கே மிக அரிது. 1970களுக்குப் பிறகு வளர்ந்த ஆட்களிடையே அது கூடத் தொடங்கியது. 1980களில் கணக்கெடுத்தபோது பெரியவர்களில் 7.3 வீதம். அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் கொரோகாவில் இருந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து காரணம் தேடினார்கள். வெளியிலிருந்து வந்த பருத்திப் போர்வைகள். மேட்டுநிலத்துக் குளிருக்கு மக்கள் அவற்றை ஆசையாக வாங்கிப் போர்த்தினார்கள். அந்தப் போர்வைகளின் தூசில் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் உண்ணிகள். 1985 இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஒரு போர்வை. ஒருவரும் கெட்ட நோக்கத்தோடு கொண்டுபோகவில்லை. குளிருக்கு இதமான, நல்ல சாமான். இதை வைத்துக்கொண்டு ‘எங்கட முன்னோர் பாயில படுத்தவை, அதாலதான் நோயில்லாம இருந்தவை’ என்று ஒரு முகநூல் பதிவு எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. பனையோலைப் பாயில் உண்ணி ஒளிந்து குடியிருக்க இடம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே முன்னோர் குசினிப் புகைக்குள் இருமி இருமிச் செத்ததும் உண்மை.

ஏழைகளின் வீட்டுத் தூசு வேறு என்பதையும் யாரோ ஒரு நாள் அளக்கத்தானே வேண்டும். 1997 இல் அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 பிள்ளைகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அங்கே முதல் குற்றவாளி உண்ணி இல்லை, கரப்பொத்தான். பாதிப் பிள்ளைகளின் படுக்கையறைத் தூசில் கரப்பொத்தானின் எச்சமும் உடற்துகளும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. அதற்கு ஒவ்வாமையும் இருந்து, வீட்டில் அதுவும் கூடுதலாக இருந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். உடைந்த குழாய், ஒழுகும் சுவர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சமையலறை, திருத்தித் தராத வீட்டுச் சொந்தக்காரன். இதை எந்த அம்மா தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவது?

எப்படித் துப்புரவாக்கினால் பலன் என்பதற்கும் ஒரு சண்டை நிறைந்த வரலாறு இருக்கிறது. 2003 இல் பிரித்தானியாவில் 1,122 பெரியவர்களை எடுத்து, பாதிப் பேரின் மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போட்டுப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. உறை விற்றவர்களுக்கு அது கெட்ட வருடமாக இருந்திருக்கும். 2004 இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளின் வீடுகளுக்கே போய், அந்தந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவரவில்லையோ அதைப் பார்த்து, உறை, ஹெப்பா வக்கும் கிளீனர், கரப்பொத்தான் ஒழிப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். இரண்டு கிழமைக்கு 4.2 நாள் வருத்தப்பட வேண்டிய இடத்தில் 3.4 நாள் என்று குறைந்தது. அதிசயம் இல்லை, ஆனால் ஒரு பிள்ளைக்கு வருடத்தில் மூன்று கிழமை மிச்சம். 2017 இல் மன்செஸ்டரில் 284 பிள்ளைகளுக்கு உறை மட்டும் போட்டுப் பார்த்ததில், ஆஸ்துமா கூடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தவர்கள் 41.5 வீதத்திலிருந்து 29.3 வீதமாகக் குறைந்தார்கள். பெரியவர்களுக்குச் சரிவராதது பிள்ளைகளுக்குச் சரிவந்தது. இறகுத் தலையணையைத் தூக்கி எறியச் சொன்ன பழைய ஆலோசனையும் 1990களில் கவிழ்ந்தது. அளந்து பார்த்தால், கடையில் வாங்கிய செயற்கைப் பஞ்சுத் தலையணையில்தான் உண்ணி எச்சம் கூட! இறகு வெளியே வராமல் இருக்க நெருக்கமாக நெய்த துணிதான் இறகுத் தலையணையைக் காப்பாற்றியதாம்.

எங்களுக்குக் கைகொடுக்கிற இரண்டு ஆய்வுகளை யுவன் டோவி பின்பு அவுஸ்திரேலியாவில் செய்தார். 1992 இல் அவர் காட்டியது: 55 பாகைக்கு மேலான சுடுதண்ணியில் தோய்த்தால் உண்ணி முழுக்கச் சாகும். பச்சைத் தண்ணியில் தோய்த்தால் உண்ணி தப்பிவிடும், ஆனால் எச்சத்தில் பெரும்பகுதி கழுவுப்பட்டுப் போகும். வருத்தம் தருவது எச்சம்தானே, ஆகவே கிணத்தடித் தோய்ச்சலும் வீண் இல்லை, அடிக்கடி தோய்க்க வேண்டும், அவ்வளவுதான். 1994 இல், கம்பளங்களை நல்ல வெயிலில் நேரடியாகப் போட்டால் உண்ணிகள் செத்துவிடுகின்றன என்று காட்டினார். எங்கட அம்மம்மா கிழமைக்கு ஒரு தரம் தலகணியெல்லாம் கொண்டுபோய்க் கூரைமேல் காயப்போடுவா. எதுக்கு எண்டு கேட்டால் “மூட்டைப்பூச்சிக்கு” என்பா. வேற பூச்சிக்குப் போட்ட வெயில்.

இந்த முறை பொங்கலுக்கு நாங்கள் மெத்தையை அடிக்கவில்லை. காலமை ஒன்பது மணிக்கு முத்தத்தில் வெயிலுக்குப் போட்டு, மத்தியானம் புரட்டி, மூண்டு மணிக்கு எடுத்தோம். உறையெல்லாம் அண்டாவில் கொதிதண்ணி வைத்துத் தோய்த்தோம். ஒட்டறை தட்ட முதல் தம்பியை மாமா வீட்டுக்கு அனுப்பினோம், இந்த முறை ஒரு இரவுக்கு. நிலத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தோம். அவனுக்குக் கொஞ்சம் இழுத்ததுதான். ஆனால் ஒருவரும் மூண்டு மணிக்கு எழும்பவில்லை.

எல்லாம் முடிந்து பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்கதான் கவனித்தேன், அம்மா தும்மிக்கொண்டே இருந்தா. மூக்கு சிவந்து, கண்ணெல்லாம் கலங்கி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறா. தம்பியை நாங்கள் எத்தனையோ தரம் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். அம்மாவை ஒரு தரமும் இல்லை.

“அம்மா, உங்களுக்கும் தூசு ஒத்துவாறேல்லைப் போல” எண்டேன்.

“எனக்கு அது தடிமன்” எண்டா.

“எத்தினை வருசமா?”

அவ யோசித்தா. பிறகு, “நீ பிறந்த காலத்தில இருந்து இருக்கு” எண்டு சொல்லிப்போட்டு, கோப்பையைக் கழுவ எழும்பிப் போனா.